'மொராலிட்டி'க்குச் சொல் இல்லாத மொழிகள்

நீங்கள் கேட்டிருப்பது இது: ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் 'மொராலிட்டி' என்பதற்கு நேரான சொல்லே இல்லை என்று படித்திருக்கிறீர்கள். அது உண்மையா, உண்மை என்றால் அந்த மொழி பேசுகிறவர்களுக்கு அந்த எண்ணமே கிடையாதா, கூடவே தமிழில் அதற்குச் சரியான சொல் அறமா, ஒழுக்கமா. மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் நடுவில் இருப்பதைத்தான் நீங்கள் கேட்க வந்தீர்கள் என்று நினைக்கிறேன். அகராதியில் சொல் இல்லை என்றால் மனதில் பொருளும் இல்லை என்று முடிவு கட்டலாமா? கலைச்சொல், மொழிபெயர்ப்பு, கருத்தாய்வு வினாத்தாள்களைத் தமிழாக்குவது என்று பல வருடங்களாக இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். கீழே வரும் மொழிகளில் தமிழும் ஆங்கிலமும்தான் எனக்கு நேரடிப் பழக்கம், வடமொழி கொஞ்சம். மற்றவை அந்தந்த மொழி அறிந்தவர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டவை.

நீங்கள் படித்த செய்தி பெரும்பாலும் சரி. அதிலிருந்து எடுத்த முடிவு தவறு.

கானா நாட்டு மெய்யியலாளர் குவாமே ஜெச்சே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். சஹாராவுக்குத் தெற்கே பேசப்படும் மொழிகள் பலவற்றில் 'மொராலிட்டி', 'எதிக்ஸ்' என்ற சொற்களுக்கு நேர்ச்சொல் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவருடைய தாய்மொழியான அக்கானில் ஒருவனைக் கண்டிக்கும்போது 'ஒன்னி சுபான்' என்பார்களாம். 'அவனுக்குக் குணம் இல்லை' என்று பொருள். நைஜீரியாவின் யொருபா மொழியில் 'இவா' என்ற சொல் குணத்தையும் குறிக்கும், இருப்பையும் குறிக்கும். குணமே அழகு என்பது அவர்களுடைய பழமொழி. ஒருவன் எப்படி நடக்கிறான் என்பதைத் தனித்தனிச் செயல்களாக எடை போடாமல் அவன் எப்படிப்பட்ட ஆள் என்பதிலிருந்து தொடங்கும் பேச்சு இது. இதில் குறை எங்கே இருக்கிறது?

ஆங்கிலத்துக்கு மட்டும் இந்தச் சொல் பிறவிச் சொத்து போல நினைக்கிறோம். அப்படி இல்லை. அது லத்தீனிலிருந்து வந்தது, லத்தீனிலும் அது ஒருவர் உட்கார்ந்து செய்த சொல். செய்தவர் பண்டைய ரோமின் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோ. கி.மு. 44-இல் விதியைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலின் தொடக்கத்திலேயே இது வருகிறது. கிரேக்கர்கள் 'ஏதோஸ்' என்று சொல்வதை நாம் 'மோரேஸ்' என்கிறோம், அதைப் பற்றிய மெய்யியல் பகுதிக்கு, லத்தீனை வளர்க்க நினைக்கிறவன் 'மொராலிஸ்' என்று பெயர் வைப்பது தகும் என்கிறார். கலைச்சொல் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் தொனி நன்றாகப் பழகியிருக்கும். 'மோரேஸ்' என்றால் வழக்கங்கள், அவ்வளவுதான். நல்ல வழக்கமும் அதில் அடக்கம், கெட்ட வழக்கமும் அடக்கம். ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கட்டிலினாவுக்கு எதிராக கி.மு. 63-இல் 'என்ன காலமடா, என்ன வழக்கமடா' என்று அவரே புலம்பியபோது வந்ததும் இதே சொல்தான். கிரேக்கத்தின் 'ஏதோஸ்' இன்னும் வேடிக்கை. ஹோமரின் இலியட்டில் அது குதிரைகள் வழக்கமாகத் திரியும் இடத்தைக் குறிக்கிறது. பழகிய இடம் பழகிய நடத்தையாகி, பிறகு குணமாயிற்று. அரிஸ்டாட்டில் இதையும் பழக்கம் என்று பொருள்படும் இன்னொரு சொல்லையும் சேர்த்து, சிறு மாற்றம்தான் என்று சொல்லி, குணம் பழக்கத்தால் வருவது என்ற தம் வாதத்தைக் கட்டுகிறார்.

அந்தப் பழைய சொற்களுக்கும் இன்றைய ஆங்கிலச் சொல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. இன்று 'மாரல்' என்றால் சட்டம், மதம், நாகரிகம், சுயநலம் எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சும் தனித்துறை என்று கொள்கிறார்கள். இப்படி ஒரு தனித்துறை பண்டைய கிரேக்கரிடமோ ரோமரிடமோ இருந்ததில்லை என்று மெய்யியலாளர்கள் எலிசபெத் ஆன்ஸ்கோம் 1958-இலும் அலஸ்டெயர் மக்இன்டயர் 1981-இலும் வாதிட்டார்கள். மக்இன்டயர் ஒருபடி மேலே போனார். நம்முடைய 'மாரல்' என்ற சொல்லால் சரியாக மொழிபெயர்க்கத்தக்க சொல் லத்தீனிலேயே கிடையாது, நம் சொல்லைத் திருப்பி லத்தீனுக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்றார். இதை எல்லாரும் ஏற்கவில்லை. ஆனாலும், ஆப்பிரிக்க மொழிகளில் இல்லை என்று சொல்லப்படும் அதே பொருள் சிசரோவிடமும் இல்லை என்றால், சிசரோவுக்கு நல்லது கெட்டது தெரியாது என்று யாரும் சொல்வதில்லையே.

மற்ற மொழிகள் எங்கிருந்து இந்தச் சொல்லை எடுத்தன என்று பார்த்தால் ஊற்றுகள் சிலவே. ஜெர்மனின் 'சிட்டே', ரஷ்யனின் 'நிராவ்' இரண்டும் வழக்கம், இயல்பு சார்ந்தவை. மெய்யியலாளர் ஹெகல் 1820-களின் தொடக்கத்தில் தம் ஜெர்மனில் லத்தீன் வழிச் சொல்லைத் தனிமனிதனின் மனச்சான்றுக்கும், 'சிட்டே'யிலிருந்து வந்த சொல்லைக் குடும்பம், சமூகம், அரசு என்று கூடி வாழும் வாழ்வுக்கும் ஒதுக்கினார். அரபியின் 'அக்லாக்' குணங்கள் என்று பன்மையில் நிற்பது. படைப்பு என்ற சொல் பிறந்த அதே மூன்றெழுத்து வேரிலிருந்துதான் அதுவும் வருகிறது. பாரசீகம், துருக்கி, உருது, மலாய் என்று அது போகாத இடம் இல்லை. நம்மூர் மதரஸாக்களிலும் பிள்ளைகளுக்கு அது பழகிய சொல். எபிரேயத்தின் 'மூசார்' கண்டித்து வளர்ப்பது என்ற பொருளில் தொடங்கியது. சீனத்தின் 'தாவ்தே'யில் முதல் பாதி வழி, இரண்டாம் பாதி அந்த வழியில் நடப்பதால் வரும் ஆற்றல் அல்லது பண்பு. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 'திகங்கா' என்பார்கள். 'திகா' என்றால் நேர், சரி. அதிலிருந்து வந்த இந்தச் சொல் சரியான முறை என்று பொருள்பட்டு, வழக்காறு, சட்டம், மரியாதை எல்லாவற்றையும் ஒரே வீச்சில் அள்ளும். வடமொழியின் நீதி, நடத்திச் செல்வது என்ற வினையிலிருந்து பிறந்தது. தமிழின் ஒழுக்கம், ஒழுகுதல் என்ற வினையிலிருந்து.

இதுவரை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் வேர் எங்கே என்று தெரிந்துவிட்டால் பொருள் தெரிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. இன்று அந்தச் சொல்லை யார், யாரைப் பார்த்து, எந்தக் காரியத்துக்குச் சொல்கிறார்கள் என்று பார்ப்பதே நான் பின்பற்றும் முறை. குறிப்பாக எதிர்ச்சொல்லைப் பார்ப்பேன். புகழ்ச்சியில் எல்லாச் சொல்லும் ஒன்றுபோலத் தெரியும், திட்டும்போதுதான் வேறுபாடு வெளியே வரும்.

இதற்கு நல்ல சான்று, எம்மா புக்டெல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு. ஆங்கிலத்தில் 'இம்மாரல்' என்று சொல்வதற்குச் சீனத்தில் 'பு தாவ்தே' என்பது அகராதி தரும் நேர்ச்சொல். மேற்கத்தியர்கள் தங்கள் சொல்லைப் பிறருக்குத் தீங்கு செய்வதோடு இணைத்தார்கள். சீனர்கள் தங்கள் சொல்லைப் பண்பாடற்ற, நாகரிகம் இல்லாத நடத்தையோடு இணைத்தார்கள். தெருவில் எச்சில் துப்புவது 'பு தாவ்தே' என்று சொல்லத் தக்க செயல். கொலை அதைவிடப் பெரிய பாதகம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு இந்தச் சொல் பொருந்தாது, அது குற்றம், வேறு வகை. மங்கோலியாவிலும் ரெனாடஸ் பெர்னியூனஸ் என்ற ஆய்வாளர் இதே போன்ற ஒன்றைக் கண்டார். அங்கே 'மொராலிட்டி'க்கு அதிகாரபூர்வமான இணை 'யோஸ் சுர்தஹூன்'. அந்தச் சொல்லைக் கேட்டதும் என்னென்ன நினைவுக்கு வருகிறது என்று பட்டியலிடச் சொன்னபோது முன்னால் வந்து நின்றது மரியாதை. தீங்கு பற்றிய பேச்சு அதில் அவ்வளவாக இல்லை.

சீனர்கள் விசித்திரமானவர்கள் என்று தோன்றினால், நம் பக்கம் திரும்பிப் பாருங்கள். கொலைகாரனை யாராவது 'ஒழுக்கம் கெட்டவன்' என்று திட்டிக் கேட்டதுண்டா? வட்டிக்கு விட்டுக் குடும்பத்தையே தெருவில் நிறுத்துகிறவனை? மாட்டோம். ஒழுக்கம் என்றதும் தமிழில் இன்று இரண்டு இடங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒன்று பள்ளிக்கூட வரிசை, சீருடை, நேரம் தவறாமை. மற்றது படுக்கையறை. ஒரு பெண்ணைப் பற்றி அந்தச் சொல்லை எதிர்மறையாகச் சொல்லிவிட்டால், அவள் பொய் சொன்னாள் என்றோ பணம் கையாடினாள் என்றோ ஒருவரும் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

இந்தச் சரிவு நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜெர்மனில் 'சிட்டே' என்று பேச்சுவழக்கில் சொன்னால் விபச்சாரத் தடுப்புப் போலீஸ். டச்சு மொழியில் அதே வேருக்கு உறவான 'சேடன்' என்பதோடு குற்றம் என்ற சொல்லைச் சேர்த்தால் பாலியல் குற்றம். ஸ்வீடிஷிலும் முன்பு அப்படியே. பிரெஞ்சுக்காரர்களின் 'மேர்ஸ்' சிசரோவின் 'மோரேஸ்'தான், அதன் பெயரிலும் ஒரு போலீஸ் பிரிவு இருந்தது. துருக்கியில் அரபியிலிருந்து வந்த 'அஹ்லாக்' அதே வேலைக்குப் போனது. இந்தோனேசியாவில் வடமொழி 'சீல'த்திலிருந்து வந்த 'அசுசீலா' என்று செய்தித்தாளில் வந்தால் ஆபாசச் செயல் என்று பொருள். கேரளத்தில் பூங்காவில் உட்கார்ந்திருக்கும் ஜோடியை மிரட்டுகிறவர்களுக்கு 'சதாசார போலீஸ்', அதாவது நல்லொழுக்கப் போலீஸ், என்று பெயர். லத்தீன், ஜெர்மானிய, அரபு, வடமொழி, திராவிட வேர்கள் எல்லாம் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே வாசலில் போய் நிற்கின்றன. ஏன் என்று கேட்டால், சட்டப் புத்தகத்தில் வெளிப்படையாகச் சொல்லக் கூசிய குற்றங்களுக்கு அரசுகள் இந்தச் சொல்லைப் போர்வையாகப் பயன்படுத்தின என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

தமிழிலோ அதே மிரட்டல்காரர்களுக்குக் 'கலாச்சாரக் காவலர்கள்' என்று பெயர் வைத்தோம். அறமும் ஒழுக்கமும் கையருகே இருக்க, கலாச்சாரம் என்ற சொல்லை எடுத்தோம். ஈரானில் 2022-இல் உடை விதிக்காகப் பிடித்துச் செல்லப்பட்ட மஹ்சா அமினி என்ற இளம்பெண் இறந்தபோது ஆங்கிலச் செய்திகள் 'மொராலிட்டி போலீஸ்' என்றன. பாரசீகத்தில் அந்தப் படையின் பெயர் 'கஷ்த்-ஏ எர்ஷாத்', அதாவது வழிகாட்டு ரோந்து. 'அக்லாக்' அதில் இல்லவே இல்லை. தமிழ்ச் செய்திகள் ஆங்கிலத்தை மொழிபெயர்த்ததால், பெயரிலேயே இல்லாத ஒரு சொல்லுக்கு நாம் இணை தேடிக்கொண்டிருந்தோம்.

ஒழுக்கத்தின் பழைய கதை வேறு. அகப்பொருள் மரபில் பெற்றோர் அறியாமல் தலைவனும் தலைவியும் கூடுவது களவொழுக்கம். அதுவும் ஒழுக்கம்தான். இன்றைக்கு எந்தப் பஞ்சாயத்தில் போய் இதைச் சொல்வது? நடந்துகொள்ளும் முறை என்ற பொதுப்பொருளில் அச்சொல் நின்றதால் இது முடிந்தது. திருக்குறளின் 138-ஆம் குறள் 'நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம் தீயொழுக்கம் என்றும் இடும்பை தரும்' என்கிறது. நல்ல, தீய என்று முன்னொட்டுப் போட வேண்டியிருந்தது என்றால் ஒழுக்கம் தன்னளவில் எந்தப் பக்கமும் சாயாமலும் நின்றிருக்கிறது. அதே அதிகாரத்தின் முதல் குறளில் ஒழுக்கம் உயிரினும் ஓம்பப்படும் என்று வரும்போது முன்னொட்டு இல்லாமலேயே நல்ல பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டு பொருளும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த காலம் அது. 'மோரேஸ்' நடந்த பாதையும் இதுதான்.

அறத்துக்கு நேர்ந்தது இன்னொரு வகைச் சுருக்கம். அறக்கட்டளை, அறநிலையத் துறை என்ற பெயர்களைப் பாருங்கள், அங்கே அறம் என்றால் கொடை. தெருவில் 'தர்மம் பண்ணுங்க சாமி' என்று கேட்கும்போது தர்மமும் அதே இடத்துக்கு வந்திருக்கிறது. இது பிற்காலச் சீரழிவு என்று சிலர் வருத்தப்படுவார்கள். அப்படி இல்லை. புறநானூற்றின் 134-ஆம் பாட்டிலேயே, இம்மையில் செய்தது மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் போடும் 'அறவிலை வணிகன்' அல்லன் வள்ளல் ஆய் என்று புலவர் முடமோசியார் பாடுகிறார். கொடை என்ற பொருள் அவ்வளவு பழையது. அறம் என்ற சொல் 'அறு' என்ற வினையிலிருந்து வந்தது, வரையறுப்பது என்று பொருள் என அடிக்கடி எழுதுகிறார்கள். ஒலி ஒத்துப்போகிறது, அதைத் தாண்டி அதற்கு வலுவான ஆதாரம் நான் பார்த்ததில்லை. மேடைக்கு நன்றாக இருக்கும், அகராதிக்குப் போதாது.

இன்றைய தமிழில் ஓர் ஆங்கிலச் சொல் எத்தனையாகச் சிதறுகிறது என்று பாருங்கள். கதைக்கு வந்தால் நீதி. பள்ளிக்கு வந்தால் தமிழ்நாட்டில் நீதிபோதனை, மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் நன்னெறிக் கல்வி. இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு நடக்கும் இடம் அறநெறிப் பாடசாலை. பல்கலைக்கழகத்துக்குப் போனால் அறவியல். பத்திரிகையில் கோபம் வந்தால் அறச்சீற்றம். அமைச்சர் பதவி விலகினால் தார்மிகப் பொறுப்பு. 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்துக்குப் பிறகு லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகியதை இன்றும் இந்தச் சொல்லோடுதான் நினைவுகூர்கிறோம். அங்கே 'ஒழுக்கப் பொறுப்பு' என்று எழுதிப் பாருங்கள், சாஸ்திரிக்கு அவமானமாகிவிடும்.

ஆனால் இவை எல்லாம் எழுத்துத் தமிழ். திட்டும்போது வருவது எது? ரேஷன் கடையில் எடை குறைத்தால் வரிசையில் நிற்கும் அம்மா 'இது நியாயமா?' என்பார். 'அநியாயம் பண்றான்', 'மனசாட்சியே இல்லையா', 'பாவம் சும்மா விடாது' என்பார். அறமும் ஒழுக்கமும் எட்டிக்கூடப் பார்க்காது. அந்தக் கடையின் பெயர்ப்பலகையிலேயே 'நியாய விலைக் கடை' என்று எழுதியிருக்கும், அதையும் சுட்டிக் காட்டுவார். வடமொழியில் நியாயம் என்பது தருக்கத்துக்கும் வழக்குத் தீர்ப்புக்கும் உரிய சொல். நாம் வழக்குமன்றத்துக்கு நீதியைக் கொடுத்துவிட்டு நியாயத்தைத் தெருவுக்கு எடுத்துக்கொண்டோம். தமிழர்களுக்கு 'மொராலிட்டி' என்ற எண்ணம் உண்டா என்று அகராதியின் தலைச்சொல்லை மட்டும் வைத்து ஆராய வருகிறவர், இந்த அம்மா பேசுவதைத் தவறவிட்டுவிடுவார். அக்கான் மொழிக்கு நேர்ந்ததும் இதுதான்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. நல்ல, கெட்ட என்ற இரண்டுக்கும் எல்லா மொழியிலும் சொல் உண்டு என்று மொழியியலாளர் அன்னா வியெர்ஸ்பிட்ஸ்காவும் அவரைப் பின்பற்றுபவர்களும் சொல்கிறார்கள். ஆங்கிலத்தின் 'ரைட்', 'ராங்' போன்றவை அப்படி உலகப் பொது அல்ல, அந்தப் பண்பாட்டின் சொந்தச் சரக்கு என்றும் சொல்கிறார்கள். முதல் பாதி எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. எல்லா மொழியையும் சோதித்தாயிற்றா என்று கேட்கும் மொழியியலாளர்களும் இருக்கிறார்கள், அந்தக் கேள்வி நியாயமானது. சொல்லை விட்டுவிட்டு எண்ணத்தை நேராகத் தேடியவர்களும் உண்டு. உளவியலாளர் எலியட் டூரியல் சிறு பிள்ளைகளிடம், விதியே இல்லாவிட்டாலும் இது தப்பா என்று கேட்டுப் பார்த்தார். இன்னொரு பிள்ளையை அடிப்பது விதி இல்லாவிட்டாலும் தப்பு, உடை விதியை மீறுவது அப்படி இல்லை என்று பிள்ளைகள் பிரித்துச் சொன்னார்கள். சொல் தெரியாமலே பிரிவு தெரிகிறது என்றாயிற்று.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மானிடவியலாளர் ரிச்சர்ட் ஷ்வேடரும் மகாபாத்ரா, மில்லர் என்ற இருவரும் புவனேஸ்வரத்தில் செய்து 1987-இல் வெளியிட்ட ஆய்வு அதைக் குழப்பிவிட்டது. அங்கே பிராமணக் குடும்பத்தாரிடம் கேட்டபோது, தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழி சாப்பிட்டது மிகக் கடுமையான தவறுகளில் ஒன்றாக வந்தது. விதவை மீன் சாப்பிடுவதும் அப்படியே. அது எங்கள் ஊர் வழக்கம் மட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை, எங்கே செய்தாலும் தப்பு என்றார்கள். அமெரிக்கர்கள் அதையெல்லாம் அவரவர் விருப்பம் என்றார்கள். ஆக, தப்புக்கும் வழக்கத்துக்கும் நடுவே கோடு போடுவது பரவலாக இருக்கலாம், கோடு விழும் இடம் ஊருக்கு ஊர் மாறுகிறது. அந்தக் கோட்டை மொழி தள்ளுகிறதா, மொழியைக் கோடு தள்ளுகிறதா என்பதை இந்த ஆய்வுகளால் தீர்க்க முடியாது. தீர்த்துவிட்டதாக எழுதும் கட்டுரைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படியுங்கள்.

அறமா, ஒழுக்கமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: மெய்யியல் கட்டுரை எழுதுகிறீர்கள் என்றால் அறம், அறவியல். கொடைப் பொருள் குறுக்கிட்டாலும் அந்த இடத்தில் குழப்பாது. ஆங்கிலத்தில் 'மாரல்' வரும் இடத்தில் எல்லாம் ஒழுக்கம் என்று போட்டு நிரப்பாதீர்கள், வாசகர் வேறெங்கோ போய்விடுவார். மக்களிடம் கேட்டு எழுதப் போகிறீர்கள் என்றால் இரண்டு சொல்லையும் விட்டுவிடுங்கள். 'இப்படிச் செஞ்சது தப்பா?' என்று கேளுங்கள். ஆம் என்றால், 'யாரும் பாக்கலைன்னாலும் தப்பா? வேற ஊர்ல, இதெல்லாம் சகஜம்னு இருக்கிற இடத்துல செஞ்சாலும் தப்பா?' என்று தொடருங்கள். பதிலில் நியாயம், பாவம், மரியாதை, அசிங்கம், ஊர் என்ன சொல்லும் என்பவற்றில் எது முதலில் வருகிறது என்று அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அதைத் திருப்பி ஒற்றை ஆங்கிலச் சொல்லாக மாற்ற அவசரப்பட வேண்டாம்.